பெட்டியைத் திறங்கள்!

உங்கள் வீட்டு மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. வயது பத்தோ பதினைந்தோ. வேலை பாதியில் இருக்கும்போது திரை சட்டென்று இருண்டுபோகிறது. யாரும் தொடாமலே பெட்டி அணைகிறது, யாரும் கேட்காமலே மறுபடி எழுந்து நிற்கிறது. அரை மணி நேரமாக நிரப்பிய விண்ணப்பம் போயே போச்சு. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தலையில் அடித்துக்கொண்டு, “நமக்கு இதெல்லாம் தெரியாதுப்பா” என்கிறீர்கள். எனக்கு அந்தப் பெட்டியின் மேல் கோபமில்லை. அந்த வாக்கியத்தின் மேல்தான் கோபம்!

யார் சொன்னது, உங்களுக்குத் தெரியாதென்று? மிக்ஸியின் பிளேடைக் கழற்றி மாற்றத் தெரிந்த பாட்டிகள் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாத பையன் பைக்கின் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் அலசி, மாட்டி ஓட்டிக் காட்டுகிறான். அதே கைகள் கம்ப்யூட்டர் பெட்டியின் நாலு ஸ்குரூவைக் கண்டதும் ஏன் பின்வாங்க வேண்டும்? ‘இது படித்தவர்கள் சமாச்சாரம்’ என்று யாரோ காதில் ஓதிய பொய்யை நாம் நம்பிவிட்டோம். அந்தப் பொய்யை இன்றைக்கே வாசலுக்கு வெளியே தள்ளுங்கள். காரணம் இல்லாமல் எந்த இயந்திரமும் விழுவதில்லை. காரணம் இருக்கிறதென்றால் அதைக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்கிறவர் ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில், நிமிஷாம்பா கோயில் இருக்கும் கஞ்சாம் பக்கம், எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. மகள் பி.யு.சி. படிக்கிறாள். பெங்களூரில் இருக்கும் மாமா தன் பழைய டெஸ்க்டாப்பை அவளுக்குக் கொடுத்திருந்தார். வந்த சில மாதங்களில் அது நினைத்தபோதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு மைசூருக்குப் போனார். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “போர்டு ஹோகிதெ” என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று பொருள். அப்பா சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தார். மகள் கேட்டாள்: “போர்டு போயிருந்தா எழுந்திருக்கவே கூடாதேப்பா? இது ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்குதே!”

அவள் வாதம் முழுக்கச் சரியல்ல. சாகப்போகும் போர்டும் இப்படி விழுந்து எழும். ஆனாலும் தீர்ப்பைக் கேட்டுத் தலையாட்டாமல் எதிர்க்கேள்வி கேட்டாள், பாருங்கள், அங்கேதான் பழுது பார்க்கும் வேலை தொடங்குகிறது. பெட்டியைத் தொடும் முன்பே அவள் ஒரு நோட்டை எடுத்தாள். எந்த நாள், எத்தனை மணிக்கு, அப்போது திரையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒவ்வொரு ரீஸ்டார்ட்டையும் எழுதினாள். ஒரு வாரம் கழித்துப் பக்கங்களைப் புரட்டியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. காலையில் அம்மா தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடும் நேரம். சாயங்காலமும் மோட்டார் போடும் நேரம். “ஏண்டி, நான் மோட்டார் போடுறதுக்கும் உன் பெட்டிக்கும் என்னடி சம்பந்தம்?” என்றார் அம்மா. சம்பந்தம் இருந்தது!

மோட்டார் சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து ஒரு கணம் சரியும். சரிவை உணர்ந்ததும், கம்ப்யூட்டரை மாட்டியிருந்த யு.பி.எஸ். உடனே பேட்டரிக்கு மாறும். யு.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் ஈய பேட்டரி பொதுவாக இரண்டு மூன்று வருஷம்தான் தாங்கும். இந்த வீட்டில் அது எப்போதோ செத்துப்போயிருந்தது. மாறிய யு.பி.எஸ். கையில் ஒன்றும் இல்லாமல் தடுமாற, கம்ப்யூட்டர் விழுந்தது. மோட்டார் வேகம் பிடித்து மின்சாரம் சீரானதும் எழுந்தது. அவள் யு.பி.எஸ்.ஸை விலக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி, மோட்டாரைப் போடச் சொன்னாள். பெட்டி அசையவில்லை! மறுபடி யு.பி.எஸ்.ஸில் மாட்டினாள். மோட்டார் போட்டதும் விழுந்தது. பிறகு அப்பாவும் மகளுமாக ஒரு பேட்டரி வாங்கிவந்து, யு.பி.எஸ்.ஸை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று தாங்களே மாட்டினார்கள். பழைய பேட்டரியைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். ‘போய்விட்டது’ என்று தீர்ப்பளிக்கப்பட்ட போர்டு இன்றும் ஓடுகிறது.

அந்தப் பெண்ணிடம் பட்டம் இல்லை, மல்டிமீட்டர்கூட இல்லை. ஒரு நோட்டும் பேனாவும், ‘நான் பார்க்கிறேன்’ என்ற துணிவும் இருந்தன. எந்த மண்ணில் இது நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதே மண்டியா மாவட்டத்தில், அதே காவிரி விழும் சிவனசமுத்திரத்தில் 1902-இல் மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். அன்றைய உலகில் அத்தனை தூரம் மின்சாரத்தை அனுப்பிய இடங்கள் மிக அபூர்வம். அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதி நம் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் பேரன் பேத்திகளான நாம் ஒரு 12 வோல்ட் பேட்டரியைப் பார்த்துப் பயப்படுவதா?

“அது சின்னப் பழுது, அவள் அதிர்ஷ்டம்” என்பீர்கள். சரி, பெரிய பழுதுக்கு வருகிறேன்.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயில் இறங்கியது. உலகமே கைதட்டியது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது! உங்கள் வீட்டு மூலையில் நடக்கும் அதே கூத்து, ஏறத்தாழ 19 கோடி கிலோமீட்டர் தொலைவில். கழற்றிப் பார்க்க முடியாது, கடைக்குத் தூக்கிப் போக முடியாது. ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துப் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பூமியில் இருந்த அதே மாதிரிக் கருவியில் அதே வேலைகளை ஓடவிட்டு, அதே பழுது தங்கள் கண்முன் நிகழும்வரை விடாமல் முயன்றார்கள். நிகழ்ந்தது. வானிலைத் தகவல் சேர்க்கும் கீழ்நிலை வேலை ஒன்று, எல்லாருக்கும் பொதுவான ஒரு வளத்தைக் கையில் பிடித்திருந்தது. நடுத்தர வேலைகள் குறுக்கே புகுந்து அதை முடிக்கவிடாமல் தடுத்தன. அது முடியாததால் மிக அவசரமான வேலை காத்துக் கிடந்தது. அவசர வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று கண்ட கம்ப்யூட்டர் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டது. மென்பொருளில் அணைந்திருந்த ஒரே ஒரு அமைப்பை இயக்கிவிடும் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். தீர்ந்தது!

கஞ்சாம் பெண் மோட்டாரைப் போடச் சொல்லிப் பார்த்ததும் அவர்கள் ஆய்வகத்தில் செய்ததும் ஒரே செயல்தான். பழுதைத் துரத்தாதீர்கள், வரவழையுங்கள்! எப்போது வரும் என்று தெரியாத பழுதுக்குத்தான் மனிதர் அஞ்சுகிறார்கள். ‘இதைச் செய்தால் வரும், இதைச் செய்யாவிட்டால் வராது’ என்று சொல்ல முடிந்த நொடியிலிருந்து அது உங்கள் கைக்குள் வந்துவிட்டது.

இனி உங்கள் பெட்டிக்கு வாருங்கள். நோட்டைத் திறந்தாயிற்றா? அடுத்து, கம்ப்யூட்டரின் வாயைத் திறக்க வையுங்கள். விண்டோஸ் பெரும் பிழையில் மாட்டிக்கொண்டால் நீலத் திரையில் காரணத்தின் குறியீட்டைக் காட்டும். ஆனால் காட்டிய வேகத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் அதை அமைத்து வைத்திருக்கிறார்கள். நாம் படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. சிஸ்டம் பிராபர்ட்டீஸில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’ என்ற இடத்துக்குப் போய் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுங்கள். இனி விழுந்தால் நீலத் திரை அப்படியே நிற்கும். அதிலுள்ள குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். நீலத் திரையே வராமல் சட்டென்று இருண்டு எழுந்தால், மின்சாரம், சூடு, போர்டு ஆகியவற்றின் மேல் சந்தேகம் கூடுகிறது. ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவைக் கண்டு பதறாதீர்கள். கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது பெரும்பாலும் வேறெதுவும் சொல்வதில்லை. அதைக் காட்டி ‘போர்டு போச்சு’ என்று யாராவது சொன்னால், எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை!

பிறகு பெட்டியைத் திறங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டை வெளியேற்றி, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக உலோகச் சட்டத்தை ஒரு முறை தொட்டுவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே என்ன பார்ப்பீர்கள் என்று நான் சொல்லட்டுமா? தூசி! கரும்பு விளையும் மண்டியா மண் இது. வெல்லம் காய்ச்சும் ஆலைமனைகளின் புகையும் வயல் புழுதியும் வருஷக்கணக்கில் ஃபேன் இழுத்த காற்றோடு உள்ளே போய், பிராசசரின் மேல் உள்ள ஹீட் சிங்க்கில் கம்பளி போலப் படிந்திருக்கும். அலுமினியத் தகடுகளுக்கு இடையே காற்றுப் போகாவிட்டால் சூடு எங்கே போகும்? எல்லை மீறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது. மென்மையான பிரஷ்ஷால் தள்ளுங்கள், ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பத்து வருஷமான பெட்டியென்றால் ஹீட் சிங்க்குக்கு அடியிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். மே மாத மதியத்தில் மட்டும், கனமான வீடியோ ஓடும்போது மட்டும் விழுந்த பெட்டியாக இருந்தால், பெரும்பாலும் உங்கள் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா? நினைவகமான ராமைக் கழற்றுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஒரு நாள் ஓட்டுங்கள், மறுநாள் மற்றதை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்! மூன்றை ஒரே நாளில் மாற்றிவிட்டு, சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த முறை மறுபடி இருட்டில் நிற்பீர்கள். லினக்ஸ் போட்ட பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பாருங்கள். விழாமல் ஓடினால் உடம்பு திடமாக இருக்கிறது, பழுது பெரும்பாலும் விண்டோஸிலோ டிரைவரிலோ. அங்கேயும் விழுந்தால் விண்டோஸை ஃபார்மட் அடித்துப் பயனில்லை. “ஃபார்மட் அடிச்சிடலாம்” என்று எடுத்ததும் சொல்லி உங்கள் போட்டோக்களை அழிக்க வருகிறவர்களை நிறுத்தும் தைரியம், இந்த ஒரு சோதனையில் உங்களுக்கு வந்துவிடும்.

போர்டைக் கூர்ந்து பாருங்கள். பிராசசரைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகளாக நிற்பவை கெபாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கி உப்பியிருந்தால், பழுப்பாக ஏதோ கசிந்திருந்தால், குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான்! 2000-க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் உள்ளே இருக்கும் திரவம் சரியில்லாத கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போர்டுகளில் புகுந்துவிட்டன. டெல் போன்ற பெரிய நிறுவனமே தன் ஆப்டிப்ளெக்ஸ் கம்ப்யூட்டர்களில் அத்தகைய பழுதுகளைச் சரிசெய்ய 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. அந்தக் காலப் போர்டு என்றால் அதைத் தூக்கிப்போடச் சொல்பவரிடம் போகாதீர்கள். சால்டரிங் அயர்ன் பிடித்து வளர்ந்த பழைய டி.வி. மெக்கானிக் உங்கள் தெருவிலேயே இருப்பார். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அளவுள்ள, போர்டுக்கென்று வரும் கெபாசிட்டரைப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிக் கொடுத்தால் மாற்றித் தருவார். அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுக்க யாரும் வரவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருக்கும் மனிதர் அவர்!

பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். அந்தத் தகரப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். வெளியே வரும் ஒயர்களை மல்டிமீட்டரால் அளந்தாலே போதும். கம்ப்யூட்டர் ஓடும்போது, கறுப்பு ஒயருக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை காட்ட வேண்டும். சாம்பல் நிற ஒயர் ஒன்று உண்டு. ‘மின்சாரம் சீராக இருக்கிறது’ என்று போர்டுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அந்தச் சொல் ஒரு கணம் நின்றால் போர்டு ரீஸ்டார்ட் ஆகும். அளவு எல்லைக்கு வெளியே போனால், நண்பர் வீட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். துணிவு என்பது எதையும் தொடுவதல்ல. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அறிந்து, தொட வேண்டியதைத் தயங்காமல் தொடுவது!

இன்னும் உங்கள் மனசின் ஓரத்தில் ‘நான் யார் இதைச் செய்ய’ என்ற குரல் கேட்கிறதா? அப்படியானால் பழுது பார்த்த இரண்டு பேரின் கதையைக் கேளுங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை 1799 மே 4 அன்று விழுந்தது. அந்தப் போருக்கு ஆங்கிலேயப் படையோடு வந்திருந்த வில்லியம் லாம்டன், பிறகு நாட்டை அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோட்டை அளந்தார். அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் கருவி 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றப்படும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நெளிந்துபோனது. உலகின் தலைசிறந்த கருவிகளில் ஒன்று. புதியது லண்டனிலிருந்து கப்பலில் வர வேண்டும். லாம்டன் கூடாரத்துக்குள் அமர்ந்து, ஆறு வாரத்தில் நெளிந்த வட்டத்தை மெல்ல மெல்ல இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதே கருவியால் மேற்கொண்டு அளந்தார்.

அவர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, அவருக்கு வசதி இருந்தது என்கிறீர்களா? அப்படியானால் நம் ஆற்காட்டு சையது மீர் மொஹ்சின் ஹுசைனைச் சொல்கிறேன். சென்னையில் கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். கையில் பட்டம் எதுவும் கிடையாது. அதே நில அளவைப் பணியில் சேர்ந்து, அதன் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட்டின் கீழ், லண்டன் பட்டறைகளில் செய்த நுட்பக் கருவிகளைக் கழற்றிப் பூட்டி, செப்பம் செய்யும் கை ஆனார். இங்கிலாந்திலிருந்து வந்த கருவி நிபுணர் விலகிய பிறகு, ‘அந்த இடத்துக்கு ஓர் இந்தியனா?’ என்று கம்பெனி தயங்கியது. எவரெஸ்ட் அவருக்காக வாதாடினார். 1843-இல் அந்தப் பதவி அவருக்கு வந்தது. முன்னவருக்குக் கொடுத்த சம்பளத்தைக் கொடுக்கக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கைக்கு மாற்றாக இன்னொரு கையை அவர்களால் காட்டவும் முடியவில்லை! இமயமலையின் உயரத்தைக் கண்ட பணிக்குப் பின்னால் கடிகாரம் பழுது பார்த்த ஒருவரின் விரல்கள் இருக்கின்றன. கடிகாரத்திலிருந்து தியோடலைட்டுக்கு அவர் போனார் என்றால், மிக்ஸியிலிருந்து மதர்போர்டுக்கு நீங்கள் போக எத்தனை தூரம்?

எல்லாம் பார்த்த பிறகும் பெட்டி விழுந்துகொண்டேதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் நடக்கும். போர்டு உண்மையிலேயே செத்திருக்கலாம். அப்போது அதைச் சொல்லும் தகுதி உங்களுக்கு வந்திருக்கிறது. கடைக்காரர் சொல்லி நம்பியதல்ல, நீங்களே ஒவ்வொன்றாக விலக்கிக் கண்ட முடிவு. ஹார்டு டிஸ்க்கை வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள். நாலு ஸ்குரூதான், நீங்களே கழற்றுங்கள். வெளியே மாட்டும் யு.எஸ்.பி. கேஸ் ஒன்று வாங்கி அதில் பொருத்தி, குழந்தையின் முதல் போட்டோவையும் அப்பாவின் பென்ஷன் காகிதங்களையும் காப்பி எடுங்கள். ராமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் நல்ல நிலையில் இருந்தால் பக்கத்து வீட்டுப் பெட்டிக்கு உதவும், எடுத்து வையுங்கள். போர்டைக் குப்பைத்தொட்டியிலோ ஆற்றங்கரையிலோ போடாமல், மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் சேர்த்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, அந்தச் செத்த போர்டைக் கையில் கொடுத்து, எது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். ஸ்குரூடிரைவரை அவன் கையிலேயே கொடுங்கள்.